வாசம் போன ஸ்வெட்டர்

போன வாரம் கதை முடிந்து நாம் இந்த வீட்டை விட்டு வரும்போது வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மறந்திருந்தாலும் பாதகமில்லை. நாய் வளர்த்துக் குட்டி விற்கிற எவரும் இனிமேல் அரசாங்க லைசென்ஸ் இல்லாமல் ஒரு வாலைக்கூட ஆட்டவிடக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. இந்த வீட்டிலும் மனுப் போட்டார்கள். அடுத்த மாதம் ஆய்வுக்கு வருவதாகச் சொன்ன அலுவலகம், யார் வாலை மிதித்தார்களோ தெரியவில்லை, இந்த வியாழக்கிழமையே வருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் நாய்களை வண்டியில் ஏற்றி அரசாங்கக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

விடிந்தும் விடியாததுமாக மருமகள் போரைத் தொடங்கிவிட்டாள். மூக்குக்கு முகமூடி, முழங்கை வரை ரப்பர் உறை, கையில் தென்னைமர உயரத்துக்கு ஒரு துடைப்பம். அவள் பின்கட்டுக்குள் இறங்கியதைப் பார்த்ததும், அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சிலந்திகள் மூட்டை முடிச்சோடு வெளியேறின. அவள் ஊற்றிய பினாயிலின் வாசனை தெருமுனையில் திரும்பி, பஸ் பிடித்து, அடுத்த ஊருக்குப் போய், அங்கே ஜலதோஷத்தில் மூக்கடைத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் மூக்கைத் திறந்துவிட்டது. வீட்டின் ஒரே ஆண் நாயான துரை மட்டும் தும்மித் தும்மி, ஒவ்வொரு தும்மலுக்கும் அரை அடி பின்னால் நகர்ந்து, கடைசியில் மதில் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தில் பதுங்கியிருக்கிற கிருமியையும் காதைப் பிடித்துத் திருகி வெளியே இழுத்து வருகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் இவள் தண்ணீர்க் குழாயையே சோப்புப் போட்டுக் கழுவியதைப் பார்த்துவிட்டுத்தான் மாமியாரான அத்தை இவளுக்குப் 'பளிச்சு' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவள்தான் இல்லை. அத்தை போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

பின்கட்டு வாசலில் அவள் கணவன் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊர்ப் பிள்ளைகளின் சத்தத்தையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, வீட்டில் வாயே திறக்காதவன்.

"இது நாய்க் கொட்டகையா, ஆபரேஷன் தியேட்டரா?"

"ரெண்டும்தான். ஏங்க, செருப்போட உள்ள கால வெச்சீங்கன்னா உங்களையும் சேத்துக் கழுவிடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. "அப்பா நேத்தும் இங்கதான் படுத்திருந்தார். வெறும் சாக்கு மேல."

"தெரியும். நான்தான் போர்வை போத்திவிட்டேன்."

"ஒரு நாள் காலைல வந்து எழுப்புவோம். எழுந்திருக்க மாட்டார்."

"வாயைக் கழுவுங்க! இந்தாங்க, ஒரு மூடி பினாயில் ஊத்தித் தரேன்."

அதற்கும் அவன் சிரிக்கவில்லை. அவளே பேச்சை மாற்றினாள்.

"அடுத்த மாசம் வரவேண்டியவங்க எப்படி இன்னிக்கே வராங்க, சொல்லுங்க? எல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரர் வேலை. துரை குரைச்சா அவருக்கு ஊசில நூல் கோக்க வரலையாம். போன் போட்டு வத்தி வெச்சிருப்பார்."

"யார் வெச்சா என்ன, விடு." அவன் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் வந்தார். தெருவில் அவருக்கு 'மேஜர்' என்று பெயர். ராணுவத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் காலமெல்லாம் லிப்ட் ஓட்டினார். உலகத்தையே பலமுறை சுற்றி வருகிற தூரத்தை மேலும் கீழுமாகப் போய்வந்தவர், கிளம்பிய இடத்திலேயே இறங்கி ஓய்வும் பெற்றார். மேஜர் பட்டம் முழுக்க முழுக்க மீசைக்குக் கிடைத்தது. இரண்டு குருவிகள் எதிரும் புதிருமாக உட்காரலாம், அப்படி ஒரு மீசை.

அத்தை போனதிலிருந்து அதில் எண்ணெய் இல்லை. குருவிகள் வந்தாலும் வழுக்காமல் உட்காரும்.

"பளிச்சு, நான் போய் முடி வெட்டிட்டு வந்துடறேன்."

"மாமா, அவங்க நாய்ங்களைப் பாக்க வராங்க. உங்களைப் பொண்ணு பாக்க வரல."

"நாய்ங்கெல்லாம் குளிச்சு சீவி நிக்குது. மொதலாளி மட்டும் பரட்டையா நின்னா லைசென்ஸ் குடுப்பாங்களா? அவ இருந்திருந்தா நேத்தே என் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்..." அங்கேயே நிறுத்திவிட்டு, இல்லாத தூசியைச் சட்டையிலிருந்து தட்டினார். "சீமாட்டிய பாத்துக்கம்மா. மொதப் பிரசவம். மெரண்டு மெரண்டு பாக்கறா."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்ல?"

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் மருமகள். ஆஸ்பத்திரியில் அத்தை கடைசியாகத் தெளிவாகப் பேசியது இவளிடம்தான். "அந்த மனுஷனை நாய்ங்க பாத்துக்கும். நாய்ங்களை நீ பாத்துக்கோ." அவ்வளவுதான் உயில். சொத்து என்று பார்த்தால் நாய்களும் ஒரு கிழவரும். இன்றைக்கு லைசென்ஸ் போனால் நாய்கள் போகும். நாய்கள் போனால் அந்த மனுஷர்?

துடைப்பத்தை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

கடைசியாகப் பிரசவப் பெட்டி பாக்கி. பழைய பீரோவின் அடிப்பகுதியை அறுத்து அத்தையே செய்த பெட்டி. உள்ளே சீமாட்டி, வெண்ணெய் நிற லாப்ரடார், குட்டிகளைச் சுற்றிப் பிறைபோல வளைந்து படுத்திருந்தது. குட்டிகளுக்குக் கண் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. வயிறு எங்கே என்று மூக்கால் தடவித் தடவித் தேடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சிறிசு, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, அதற்குப் 'பொத்தான்' என்று மாமனார் பெயர் வைத்திருந்தார்.

அவற்றுக்கு அடியில் கிடந்தது அத்தையின் ஸ்வெட்டர்.

ஒரு காலத்தில் அது மெரூன் நிறமாக இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது அதன் நிறத்துக்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது. இந்த வீட்டில் எந்த நாய் குட்டி போட்டாலும் அத்தை அந்த ஸ்வெட்டரோடுதான் பக்கத்தில் உட்காருவாள். குட்டி வெளியே வந்ததும் ஸ்வெட்டர் கையாலேயே துடைத்து, அம்மாவின் மூக்கில் காட்டி, பிறகுதான் பாலுக்கு விடுவாள். சீமாட்டியும் அந்த ஸ்வெட்டரில் பிறந்ததுதான், சீமாட்டியின் அம்மாவும் அதில்தான். வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூட அது தண்ணீரைப் பார்த்ததில்லை. மருமகள் அதை வாளிக்குள் தள்ளப் பலமுறை படையெடுத்துத் தோற்றிருக்கிறாள். "அதைத் தொட்டே, நீ வேற வீடு பாத்துக்கோ!" என்று அத்தை சிரித்துக்கொண்டே கத்துவாள்.

நோட்டீஸில் தெளிவாக எழுதியிருந்தது: படுக்கைத் துணிகள் துவைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும்.

மருமகள் ஸ்வெட்டரை விரல் நுனியால் தூக்கினாள். அது மடங்கவில்லை. அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பழைய பால், ரோமம், எச்சில், எத்தனையோ பிரசவங்கள். இதை மட்டும் ஆய்வுக்கு வருகிற அதிகாரி பார்த்தால் லைசென்ஸ் என்ன, ரேஷன் கார்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

'மன்னிச்சிடுங்க அத்தை. உங்க ஆளுக்காகத்தான் பண்றேன்.'

கொதிக்கக் கொதிக்க வெந்நீர். சோப்புத்தூள். ஒரு மூடி பினாயில். பெட்டியையும் விடவில்லை, சுரண்டித் தேய்த்துக் கழுவினாள். புத்தம் புதிதாக நீல விரிப்பு போட்டாள். வந்தது வந்தோம் என்று, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டே சொட்டு பினாயில் விட்டு, பஞ்சை நனைத்து, குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைத்தாள். பொத்தானைக் கொஞ்சம் அதிகமாகவே துடைத்தாள். அதுதான் நோஞ்சான், அதைத்தான் கிருமி முதலில் பிடிக்கும் என்று அவள் படித்த படிப்பு சொன்னது.

ஸ்வெட்டரைக் கொடியில் போடும்போது எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரரின் தலை தெரிந்தது. ஒரு முறை முறைத்தாள். அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் கை கோணலாகிப் போயிருக்கும்.

பிறகு இடுப்பில் கைவைத்து நின்று பின்கட்டைப் பார்த்தாள். தரையில் முகம் தெரிந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக எப்போதும் நின்றதில்லை.

மாமனார் திரும்பி வந்தார். முடி வெட்டி, மீசைக்கு எண்ணெய் போட்டு, பத்து வயது குறைந்து வந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"லைசென்ஸ் உங்களுக்குத்தான் மாமா. நாய்ங்களுக்குச் சந்தேகம்."

சிரிக்க வாயெடுத்தவர் பாதியில் நின்றார். மூக்கு விடைத்தது. பினாயில் மூடாத இடமாக எதையோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா... சீமாட்டி ஏன் வெளிய படுத்திருக்கா?"

அப்போதுதான் மருமகளும் பார்த்தாள். சீமாட்டி பெட்டியில் இல்லை. எதிர் மூலையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. உடம்பு நடுங்கியது. பெட்டிக்குள் குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. துடைப்பச் சத்தத்தில் காதில் விழவில்லை.

"இப்பத்தான் துடைச்சு வெச்சேன் மாமா. காத்து வாங்கப் போயிருப்பா..."

அவர் ஒரு குட்டியை எடுத்துச் சீமாட்டியின் மூக்கருகே கொண்டுபோனார். சீமாட்டி முகர்ந்தது. காதுகள் பின்னால் மடங்கின. உதடு தூக்கி உறுமியது. அவரைப் பார்த்து அந்த நாய் உறுமியது அதன் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

"அவளுக்குத் தெரியலம்மா. யார் வீட்டுக் குட்டியோன்னு நெனைக்கறா." குரல் சன்னமாக இருந்தது. "ஸ்வெட்டர் எங்க?"

மருமகள் கொடிப் பக்கம் திரும்பினாள். கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது அது. வெந்நீரில் வெந்த கம்பளி சுருங்கிச் சுருங்கி, பெரிய மனுஷி போட்ட சட்டையாகப் போனது, பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டையாகத் திரும்பியிருந்தது. நிறம் மட்டும் வந்துவிட்டது. நிஜமாகவே மெரூன்தான்.

மாமனார் மெதுவாக நடந்து கொடியருகே போனார். அதன் ஒரு கையைப் பிடித்தார். குனிந்து மூக்கருகே வைத்தார்.

"சோப்பு வாசனை வருது" என்றார்.



"மாமா, திட்டிடுங்க. ரெண்டு அறைகூட அறைஞ்சிடுங்க."

"எனக்குத் திட்டத் தெரியாதும்மா. அது உங்க அத்தை டிபார்ட்மென்ட்."

வாசல் மணி அடித்தது.

அதிகாரி ஓர் இளம் பெண். கால்நடை டாக்டர். தையல்காரர் மாதிரி கழுத்தில் அளவு நாடா. வாசலைத் தாண்டியதும் அளக்கத் தொடங்கியவள் கொட்டகையின் நீளம், அகலம், ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, துரையின் தட்டு என்று ஒன்றையும் விடவில்லை. மாமனாரின் மீசையை மட்டும் கண்ணாலேயே அளந்துவிட்டு விட்டுவிட்டாள். தடுப்பூசி எல்லாம் சரி. எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டி விற்பதில்லை, சரி. ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே போதுமான ஓய்வு, சரி.

"நான் இதுவரைக்கும் பாத்ததுலயே சுத்தமான எடம் இதுதாங்க" என்றாள் மலர்ந்து. "ஒரு குறைகூடச் சொல்ல முடியாது."

காலையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் மருமகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதித்திருப்பாள். இப்போது கன்னத்தில் வாங்கினதுபோல நின்றாள்.

"ஒரே ஒரு குறை இருக்கு மேடம். தாய் நாய் குட்டிங்களைச் சேத்துக்க மாட்டேங்குது. நான்தான் காரணம்."

மறைத்திருக்கலாம். பெட்டியை மூடி, தூங்குகின்றன என்று சொல்லியிருக்கலாம். அவள் நாக்குக்கு அந்த வித்தை வரவில்லை.

டாக்டர் பெட்டியருகே போய் முட்டி போட்டாள். ஒரு குட்டியைத் தூக்கி முகர்ந்தாள்.

"பினாயிலா? குட்டிங்க மேலயா?"

"ரெண்டு சொட்டுதான்... வெந்நீர்ல கலந்து..."

"நம்ம மூக்குக்குத்தான் ரெண்டு சொட்டு. அதும் மூக்குக்கு ஒரு டேங்கர் லாரி."

திட்டுகிற குரல் இல்லை அது. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி ஓரமாக வைத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். அதிகாரி போய் டாக்டர் வந்துவிட்டாள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டாள், உலர்ந்த துண்டு கேட்டாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குட்டிகளைக் கழுவித் துடைத்தார்கள். மாமனார் சீமாட்டியின் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க, டாக்டர் அதன் மடியிலிருந்து பால் பீய்ச்சி ஒவ்வொரு குட்டியின் முதுகிலும் தடவினாள்.

பொத்தான் மருமகளின் கையில் இருந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளங்கைக்குள் வைத்து ஊதினாள். மறுபடி தேய்த்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றிப் பார்த்தாள். அந்தக் கருவி பொத்தானின் நெஞ்சைவிடப் பெரிதாக இருந்தது.

"இது இல்லீங்க" என்றாள். "ஈரத்துல குளுந்துபோச்சு. ரொம்பச் சின்னது."

மருமகள் கையைத் திறக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் எத்தனை பேரின் ரத்தத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னவள். எந்தக் கிருமியும் இந்தக் குட்டியைத் தொடவில்லை. அதைத் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

மாமனார்தான் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பொத்தானை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுச் சட்டை. இஸ்திரி போட்டது.

மற்ற குட்டிகளை மறுபடி காட்டினார்கள். சீமாட்டி இப்போது உறுமவில்லை. ஆனால் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. எழுந்து பெட்டிவரை வரும், நீல விரிப்பை முகரும், திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.

"அவளுக்குப் பழக்கமான வாசனை ஏதாவது வேணும்" என்றாள் டாக்டர். "பழைய படுக்கை, பழைய துணி... எதுவுமே இல்லையா?"

மூன்று பேரும் கொடியைப் பார்த்தார்கள்.

மாமனார் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அது மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வாயை இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு, அதுவும் போதாதென்று இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டியிருந்தார். நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு தலையணை உறை வந்தது. வெளுத்துப்போன பூப்போட்ட உறை.

மருமகளுக்கு அது எது என்று தெரியும். அத்தை போன மறுநாள் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்துப் போட்டவள் அவள். அத்தையின் தலையணை மட்டும் உறை இல்லாமல் கிடந்தது. "எங்க மாமா?" என்று கேட்டதற்கு, "தொலைஞ்சுபோச்சும்மா" என்றார். தலையணை உறை எப்படித் தொலையும், நடந்தா போகும் என்று அவள் கேலிகூடச் செய்திருந்தாள்.

அவர் அதை முகத்தில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை. தண்ணீருக்குள் முங்கப்போகிறவர்கள் இழுப்பார்களே, அப்படி ஒரு மூச்சு.

பிறகு குனிந்து, நீல விரிப்பை எடுத்துவிட்டு, உறையைப் பெட்டியில் விரித்தார். குட்டிகளை அதன்மேல் வைத்துப் புரட்டினார்.

சீமாட்டியின் தலை நிமிர்ந்தது.

அது எழுந்து வந்தது. உறையை முகர்ந்தது. ஓரத்தை முகர்ந்தது, நடுவில் முகர்ந்தது, யாரையோ தேடுவதுபோல மாமனாரைத் தாண்டிக் கதவைப் பார்த்தது. கதவில் யாருமில்லை. முனகியது. பெட்டிக்குள் இறங்கி, ஒரு சுற்று சுற்றி, குட்டிகளைச் சுற்றி வளைந்து படுத்தது. முதல் குட்டியை நக்கத் தொடங்கியது.

கீச்சிடல் ஒவ்வொன்றாக நின்றது.

மூன்று பேரும் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். துரைகூடத் தும்மலை அடக்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டாள். அதிகாரி திரும்பி வந்துவிட்டாள்.

"ஐயா, அந்த உறை துவைச்சதா?"

"இல்லம்மா. போய்ச் சேந்துட்ட என் சம்சாரத்தோடது."

"அவங்க போனதிலேர்ந்தா?"

"அதுக்கு முந்தியே. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பின அன்னிக்குக் காலைல தலை வெச்சு எழுந்தது."

அவள் பேனாவைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள்.

"நான் பாக்காத மாதிரி போயிடலாம். ஆனா இங்க கண்ணை மூடினா, அடுத்த வீட்ல இதையே காட்டி நாத்தத்துல குட்டி வளக்கறவங்ககிட்டயும் மூடணும். அப்படி வளக்கற எடங்களை நான் பாத்திருக்கேன் ஐயா. பாத்துட்டுச் சாப்பிட முடியாது."

"நீங்க எழுதுங்கம்மா. உங்க வேலை அது."

"படுக்கை சுத்தமில்லன்னு எழுதறேன். குட்டிங்க கண்ணு தெறந்து நடக்க ஆரம்பிச்சதும் திரும்ப வருவேன். அப்போ வாசனை இல்லாமலே அம்மா அதுங்களை அடையாளம் கண்டுக்கும். அன்னிக்கு இந்த உறை துவைச்சிருக்கணும். மத்ததெல்லாம் சரி. அது சரியா இருந்தா அங்கயே கையெழுத்துப் போட்டுடறேன். அதுவரைக்கும் யாரும் நாய்ங்களைத் தொட மாட்டாங்க."

மாமனார் பெட்டியைப் பார்த்தார். உறையின் பூக்கள்மேல் பால் சிந்தி, அதன்மேல் ஒரு குட்டி மூத்திரமும் விட்டிருந்தது.

"துவைச்சிடறேன்மா" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது டாக்டர் குரலைத் தணித்து மருமகளிடம் சொன்னாள்: "ஒரு விஷயம். அடுத்த மாசம் வரவேண்டியதை இன்னிக்கு மாத்தினது ஒரு போன்னால. நாய்ங்களைச் சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுங்கன்னு."

"தெரியும் மேடம். எதிர்வீட்டுக்காரர்தானே? அவருக்கு நான் வெச்சிருக்கேன்."

"யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா சண்டைக்காரங்க பேசற மாதிரி இல்லீங்க. அவர் அழுதுகிட்டே பேசினார்."

எதிர்வீட்டில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் சொந்த விரலில் ஊசி ஏறினபோதுகூட அழாதவர். மருமகள் டாக்டர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் முருங்கை மரத்தடியில் பொத்தானுக்குக் குழி தோண்டினார் மாமனார். மருமகள் கொடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். அந்தச் சுருங்கிய ஸ்வெட்டரில் பொத்தானைச் சுற்றினார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

"மாமா, அத்தை என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க."

"தெரியும். எனக்கும் கேட்டுது. தூங்கற மாதிரி படுத்திருந்தேன்." மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்க, பளிச்சு. கொஞ்சம் அதிகமா பாத்துக்கிட்டே. அவ்வளவுதான்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்த அழுகை. பின்கட்டை மறுபடி கழுவிவிடக்கூடிய அளவுக்கு அழுதாள். அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு குட்டிகளைப் பார்க்கப் பின்கட்டுக்குள் போய்விட்டார்.

அவள் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. கணவன் இறங்கி வந்தான். வழக்கமாக விசிலடித்துக்கொண்டே துரையைக் கூப்பிடுகிறவன், இன்று அடிமேல் அடி வைத்து வந்தான். கண் சிவந்து கிடந்தது. கையில் ஒரு பெரிய பொட்டலம். பிரித்தால், அப்பாவுக்குப் புது மெத்தை விரிப்பும் தலையணையும்.

"அவங்க வந்துட்டுப் போயிட்டாங்களா?"

"ம்."

அவன் பின்கட்டுப் பக்கம் பார்த்தான்.

"எப்ப எடுத்துட்டுப் போறாங்களாம்?"

லைசென்ஸ் கிடைத்ததா என்று அவன் கேட்கவில்லை.

மருமகள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை. அவள் பார்வையின் அர்த்தம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது. காலையில் முடிவெட்டப் போனபோது இருந்ததைவிடத் தெம்பான குரல்.

"வந்துட்டியாடா? செருப்பை வெளிய விட்டுட்டு வா. பளிச்சு இப்பத்தான் துடைச்சிருக்கா. சீமாட்டி பால் குடுக்கறா, வந்து பாரு... சத்தம் போடாம வா."